கைக்குழந்தைக்குக் கடல் ஆகாதா?

கைக்குழந்தை உள்ள குடும்பம் கப்பலேறலாகாது என்றும், பிள்ளை வளர்ந்து, கண்டதைக் கண்டபடி எடுத்துச் சொல்லத் தெரிந்த பிறகுதான் கடற்பிரயாணத்தைப் பற்றி யோசிக்கவேண்டும் என்றும், அதுவரையில் நுவரெலியாவின் கிரகரி வாவியில் படகேறி இறங்கினாலே போதும் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் மலையகத்தில் லயத்து வாசல் முதல் ஹட்டன் கடைவீதி வரை எவருடைய ஆட்சேபமுமின்றி நிலவி வருகிறது. அதைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள். பிள்ளையின்மேல் நமக்குள்ள பிரியத்தைவிட ஒரு பிடி கூடுதலாகவே பிரியம் வைத்திருப்பவர்கள். ஆயினும் அன்பினாற் சொல்லப்பட்டது என்பதற்காகவே ஓர் அபிப்பிராயம் சரியானதாகிவிடாது. இது தவறான அபிப்பிராயம் என்பதும், கடல் ஆகாதது குழந்தைக்கன்று, முன்யோசனையில்லாமற் புறப்படும் பெரியவர்களுக்கே என்பதும் என் துணிபு.

இந்தக் கேள்வி இன்று ஏட்டளவில் நிற்பதன்று. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய நம் துறைமுகங்களைத் தொட்டுச் சென்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்னும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிப் பருவமழையால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஓகஸ்ட் மாதத்தில் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் அதே வழியில் மீண்டும் புறப்பட்டது. ஏறத்தாழ அறுபது கடல்மைல் தூரத்தை நான்கு மணி நேரத்துக்குள் கடக்கும் பிரயாணம் அது. சிங்கப்பூரிலிருந்து மூன்று நான்கு இரவுகளுக்கென்று புறப்படும் பெரிய கப்பல்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏறுவது வழக்கமாகிவிட்டது. ஆசிரியராகவும் தாதியாகவும் வியாபாரியாகவும் உத்தியோகம் பார்க்கும், கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துச் சேர்க்கும் நம் இளந்தம்பதிகள், கையிலே ஒரு குழந்தையோடு, “போகலாமா?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு, “வேண்டாம், பிள்ளை வளரட்டும்” என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது.

அந்தப் பதிலின் வேர் கடலிலே இல்லை. நம் சரித்திரத்திலே இருக்கிறது. நம்மவர்க்குக் கப்பல் என்பது எந்தக் காலத்திலும் இன்பத்தின் வாகனமாக இருந்ததில்லை. காப்பித் தோட்டத்துக்கென்று அக்கரையிலிருந்து புறப்பட்டவர்கள் பாய் கட்டிய தோணிகளில் அடைபட்டு வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரையிலான காட்டுவழியை நடந்தே கடந்தார்கள். அந்த வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலியானவர்களில் தாயின் இடுப்பிலிருந்த பிள்ளைகளும் உண்டு. 1864ஆம் ஆண்டில் ஆதிலட்சுமி என்ற கப்பல் நம்மவர்களோடு மூழ்கியதை மலையகம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அந்தப் பாதையின் துயரத்தைத் தம் கால்களால் அளந்து பார்த்தார்கள்.

பின்பு வந்த துயரம் திரும்பிப்போன துயரம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்கிட்டுப் பிரித்தது. அந்தக் கணக்கிலே இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது: அவர்கள் ‘இயற்கைப் பெருக்கம்’ என்ற தலைப்பின் கீழே தாய்தந்தையரோடு சேர்த்து அனுப்பப்படவேண்டியவர்கள். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நாவலப்பிட்டியிலும் புகையிரத நிலையங்களில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறி, தலைமன்னாருக்குக் கோச்சியேறி, இராமேஸ்வரம் செல்லும் கப்பலில் ஏறி, மண்டபம் முகாமிலே போய் இறங்கிய அந்த மக்களை நம் பெரியவர்கள் தம் கண்ணாற் கண்டவர்கள். அந்தக் கோச்சிக்கே அழுகைக் கோச்சி என்று பெயர். 1984இல் அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றது. “கப்பலேறிப் போய்விட்டார்கள்” என்ற வாக்கியத்துக்கு இனிக் காணமுடியாது என்பதே அர்த்தமாக இருந்த ஒரு சமூகத்தில், பேரப்பிள்ளையைக் கப்பலேற்றுகிறோம் என்றால் அப்பாயியின் முகம் வாடுவதில் வியப்பில்லை.

இதை நான் மதிக்கிறேன். ஆனால் மதிப்பது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. பச்சைக்குழந்தைக்குக் கடல் ஆகாது என்ற நியாயத்தை அன்றைக்கு நம்மை அனுப்பியவர் எவரேனும் எண்ணிப்பார்த்தார்களா? தட்டுமுட்டுச் சாமான்களோடு தட்டுமுட்டாக, பாலுக்கும் படுக்கைக்கும் ஏற்பாடில்லாமல், எங்கே போகிறோம் என்று தெரியாத தாய்மாரின் மடியில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அந்தக் கடலைத் தாண்டினார்கள். கட்டாயத்தின் பேரில் குழந்தைக்குத் தகும் என்று வைக்கப்பட்ட கடல், சுயேச்சையின் பேரில், திரும்பிவரும் பயணச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேண்டிய மருந்தும் உணவும் படுக்கையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு போகும்போது மட்டும் தகாமற் போவது எங்ஙனம்? துயரத்துக்குக் காரணம் கப்பலன்று. ஒருவழிச் சீட்டே காரணம். நீலகிரியில் 1968ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு தாயகம் திரும்பியோருக்கென அமைத்த தேயிலைத் தோட்டங்களில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், நம் இரத்த உறவுகள் மூன்று தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒரு குழந்தை நம் குலத்திலே தோன்றுவது எப்போது?

இனி, பொதுவாக எழுப்பப்படும் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். குழந்தைக்கு ஒன்றும் ஞாபகமிருக்காது, ஆதலால் செலவு வீண் என்பது முதலாவது. மிகவும் பரவிய இந்த ஆட்சேபம் மிகவும் பலவீனமானதும்கூட. டிசெம்பர்ப் பௌர்ணமி தொடங்கி வைகாசி விசாகம் வரையிலான பருவத்தில், நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு இரவிரவாகப் படியேறுகிறவர்களைப் பாருங்கள். 2,243 மீற்றர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு, பனியும் காற்றும் எலும்பைத் துளைக்கும் பின்னிரவில், போர்வையிற் சுற்றிய கைக்குழந்தைகளைத் தோளிற் சாத்திக்கொண்டு எத்தனை தகப்பன்மார் ஏறுகிறார்கள்! அந்தப் பிள்ளைக்கு உதயம் ஞாபகமிருக்காது என்று எந்தப் பெரியவரும் அவர்களைத் தடுத்ததில்லை. கதிர்காமத்தில் முடியிறக்குவதும், காதுகுத்துவதும், தாலாட்டுவதும் குழந்தையின் ஞாபகத்தை உத்தேசித்தா நடக்கின்றன? ஞாபகத்தில் நிற்பதுதான் பயன் என்றால் குழந்தையின் முதல் மூன்று வருஷங்களில் நாம் செய்வதெல்லாமே வீண் என்று ஏற்படும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், அதை நான் மிகுந்த மனவேதனையோடு சொல்லுகிறேன். தோட்டத்திலே ஒரு தாய் விடியுமுன் எழுந்து பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் ஆயம்மாவிடம் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் திரும்பும் வேளையில் பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. படித்து உத்தியோகத்துக்குப் போன அவளுடைய மகளின் நிலைமையும் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் கழியும் நேரத்தைக் கூட்டினால் அதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் பிள்ளைகளுக்கென்று விளையாட்டுக்கூடம் இருந்தாலும், மூன்று வயது நிரம்பி, கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளையைத்தான் அங்கே தனியே விடலாம். இதை ஒரு குறையாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கோ இதுவே அந்தப் பிரயாணத்தின் பெரிய லாபமாகத் தோன்றுகிறது. சமைக்கவேண்டாத, துவைக்கவேண்டாத, நேரத்துக்கு ஓடவேண்டாத மூன்று நான்கு நாட்கள் தாயும் தகப்பனும் முழுதாகக் குழந்தையின் பக்கத்திலே இருக்கிறார்கள். குழந்தைக்கு ஞாபகமிராவிட்டால் என்ன? அவர்களுக்கு இருக்கும்.

கடல் குழந்தையின் உடம்புக்கு ஒத்துவராது, வாந்தியெடுத்தே துவண்டுவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். வைத்தியசாஸ்திரம் சொல்லுவது இதற்கு நேர்மாறு. உள்காதிலுள்ள சமநிலையுறுப்பு உடல் அசைகிறது என்று மூளைக்குத் தெரிவிக்க, கண் அசையாத சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஏற்படும் முரண்பாடுதான் கடற்பிணிக்கு மூலம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அது மிக அரிதாகவே பீடிக்கிறது. அதன்பிறகு ஏறிக்கொண்டே போய், ஒன்பது பத்து வயதளவில் உச்சத்தை அடைகிறது. “வளரட்டும், பிறகு போகலாம்” என்று நாம் தள்ளிவைக்கும் அந்த வயதுதான் உண்மையிலே கஷ்டமான வயது! கினிகத்தேனை வளைவுகளிலும் இறம்பொடை வளைவுகளிலும் பஸ்ஸில் வாந்தியெடுப்பவர்கள் பள்ளிப்பிள்ளைகள். மடியிலுள்ள குழந்தை உறங்கிக்கொண்டு வருகிறது. இதை நாம் தினந்தோறும் பார்த்துக்கொண்டே நம்பாமலிருக்கிறோம்.

பெரிய கப்பல்களின் பக்கங்களில் நீருக்கடியிலே நீட்டப்படும் சிறகுபோன்ற அமைப்புகள் உருளலைப் பெருமளவு அடக்குகின்றன. சிறிய பயணிகள் கப்பலில் ஆட்டம் கூடுதலாக இருக்கும். ஆனால் அங்கே பிரயாணம் சில மணி நேரந்தான். எந்தக் கப்பலாயினும் நீர்மட்டத்துக்கு அருகில், நடுப்பகுதியில் உள்ள அறையையோ ஆசனத்தையோ கேட்டு வாங்கவேண்டும். முன்கோடியும் உச்சித்தட்டும் அதிகம் ஆடும் இடங்கள். காட்சிக்காக மேல்தட்டு அறைதான் வேண்டுமென்று பணத்தைக் கூட்டிக் கட்டுகிறவர்கள், குழந்தையோடு முதன்முறை போகும்போது அந்த ஆசையை விட்டுவிடுவது நலம். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. தலை சுற்றினால் கைப்பேசியை மூடிவைத்துவிட்டுத் தொடுவானத்தை நோக்கவேண்டும். பெரியவர்களுக்கு இஞ்சி உதவும். ஆனால் வீட்டிலே மிஞ்சிக் கிடக்கும் தூக்கந்தரும் பாணி மருந்தை, “நன்றாகத் தூங்கட்டும்” என்று இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஊற்றுவதைப்போன்ற அபாயம் வேறில்லை; மூச்சையே தளர்த்திவிடக்கூடிய மருந்துகள் அவை. வைத்தியரின் வாயாற் கேட்காமல் எந்த மருந்தும் கூடாது. இரண்டு பொட்டலம் ஜீவனியும் காய்ச்சல் மருந்தும் உஷ்ணமானியும் பையில் இருந்தால், வழியில் நேரக்கூடிய சாதாரண உபாதைகளுக்கு அது போதுமானது.

நோய் தொற்றும் என்கிறார்கள். மூடிய இடத்தில் பலர் கூடியிருந்தால் தொற்றும் என்பது உண்மையே. கல்யாண மண்டபத்திலும் தேர்த்திருவிழாவிலும் அதே உண்மை நிற்கிறது. கப்பல்களில் அடிக்கடி பேசப்படும் வயிற்றுப்போக்கு நோயை உண்டாக்கும் நோரோ கிருமி, கையில் தடவும் கிருமிநாசினித் திரவத்துக்கு எளிதில் அடங்காது. சவர்க்காரமும் ஓடுகிற நீருமே அதற்கு மாற்று. நம் நாட்டில் ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் போடப்படும் எம்.எம்.ஆர். தடுப்பூசி முதலியவற்றை முறையாகப் போட்டு, அந்தப் பதிவேட்டின் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு போகவேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவைப் பெரும்பாலான உல்லாசக் கப்பல்கள் ஏற்றுவதேயில்லை. பல நாள் நடுக்கடலிலே செல்லும் நெடும்பிரயாணங்களுக்கு ஒரு வயது நிரம்பவேண்டும் என்று விதித்த கப்பல்களும் உண்டு. கப்பற்காரர்களே தம் எல்லையை அறிந்து வகுத்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. அந்த எல்லைக்கு உட்பட்டதை, ஒருநாளும் கப்பல் ஏறியறியாத நாம் ஏன் மறுக்கவேண்டும்?

குழந்தை தவறிக் கடலில் விழுந்துவிடுமே என்ற பயம் எஞ்சியிருக்கிறது. இதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். இந்தப் பயத்துக்கு மரியாதை செய்யவேண்டும், அதாவது அதற்குரிய ஜாக்கிரதையைக் கைக்கொள்ளவேண்டும். 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914இல் தோன்றி, காலந்தோறும் திருத்தப்பட்டு வரும் சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை, கப்பலிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான உயிர்காப்பு அங்கியும், ஒரு நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் பிரயாணமானால் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் தனி அங்கியும் இருக்கவேண்டுமென்று விதிக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று ஏறிய மாத்திரத்தில் கேட்டு, குழந்தைக்கு ஒருமுறை மாட்டிப் பார்க்கவேண்டும்; முன்பின் மாட்டியறியாத அங்கியை அவசரவேளையில் அழுகிற பிள்ளைக்கு மாட்டுவது எளிதன்று. 2012இல் இத்தாலியக் கரையோரத்தில் கொஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்தபின், கப்பல் புறப்படுமுன்னரேயோ புறப்பட்ட உடனேயோ பிரயாணிகள் எல்லோரும் கூடிப் பாதுகாப்பு ஒத்திகை செய்யவேண்டுமென்ற விதி இறுக்கப்பட்டது. குழந்தை தூங்குகிறது என்று அறையிலே தங்கிவிடாமல், அதைத் தோளிற் போட்டுக்கொண்டாவது அந்த ஒத்திகைக்குப் போகவேண்டும். கைப்பிடிக் கம்பிக்கு மேலே குழந்தையைத் தூக்கி நிறுத்திப் படமெடுக்கும் தகப்பனை எவரும் கண்டிக்கலாம். அது உரிமையன்று, கடமை. வெளிமாடம் உள்ள அறையானால் நாற்காலியைக் கம்பியருகே விடலாகாது. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு வெளிமாடமே இல்லாத உள்ளறைதான் உத்தமம். ஜன்னலில்லாத இருட்டு பகல்தூக்கத்துக்கும் உதவும்.

நம் வழக்கத்தையொட்டிச் சில எச்சரிக்கைகள். குழந்தைக்குச் சேலைத் தொட்டில் கட்டித்தான் பழக்கம் என்று, கப்பலறையின் கூரையிலே துருத்தி நிற்கும் தீயணைப்பு நீர்க்குழாய் முனையிலே சேலையை முடியக் கூடாது. அது உடைந்தால் அறை வெள்ளமாகும், பிள்ளையும் விழும். முன்கூட்டிச் சொன்னால் மடக்குத் தொட்டில் கொடுப்பார்கள். மின்கேத்தலையும் துணிதேய்க்கும் பெட்டியையும் பெரும்பாலான கப்பல்களில் அறைக்குள் விடமாட்டார்கள். பால்மா கரைக்கும் வெந்நீரை ஊழியரிடம் கேட்டுப் போத்தலில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வீட்டிலே சமைத்ததை ஏற்றுவதற்கும் பொதுவாக அனுமதியில்லை. முத்திரை உடைக்காத குழந்தையுணவுக்குத் தடையிராது. அணைத்துண்டு கட்டிய குழந்தையை நீச்சற்குளத்தில் இறக்கவிடமாட்டார்கள். அழகிய குளத்தைக் காட்டி ஆசைப்படுத்தியபின் இல்லையென்று சொல்லாமல், தொடக்கத்திலேயே அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

இதுவரையில் பெரியவர்களோடு வாதாடினேன். இளையவர்களில் ஒரு சாராரோடும் எனக்குப் பிணக்கு உண்டு. கட்டிய பணத்துக்கு ஒவ்வொரு நிமிஷத்தையும் அனுபவித்தே தீரவேண்டுமென்று, ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கி, ஒவ்வொரு விருந்துக்கும் போய், நள்ளிரவுக் கச்சேரி வரையில் குழந்தையை இழுத்துக்கொண்டு அலைகிறவர்கள்தான் திரும்பிவந்து, “பிள்ளையைக் கொண்டுபோனது பெரிய பிழை” என்று பரப்புகிறார்கள். பிழை பிள்ளையினுடையதன்று. முதற்பிரயாணம் இரண்டு மூன்று இரவுக்கு மேற்படலாகாது. அதற்கும் முன்பாக, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குச் செல்லும் அந்த நான்கு மணி நேரப் பிரயாணமே சிறந்த பரீட்சை. உல்லாசக் கப்பலிலோ, வழக்கமான தூக்கநேரமும் சாப்பாட்டுநேரமும் மாறாமல், ஒரு துறைமுகத்தில் எல்லோரும் இறங்கிப்போக, வெறிச்சோடிய கப்பலில் குழந்தையோடு நிம்மதியாக இருந்துவிட வேண்டும். முடிந்தால் அப்பாயியையோ அம்மாயியையோ கூட்டிப்போக வேண்டும். தடை சொல்லும் பெரியவரையே பிரயாணத்தில் சேர்த்துக்கொள்வதைவிடச் சிறந்த சமாதானம் வேறில்லை. குழந்தை பார்க்க மூன்றாவது ஆளும் கிடைக்கும். 1970களில் தங்கையையோ தமையனையோ கப்பலேற்றி அனுப்பிவிட்டு அழுத அந்த மூதாட்டி, நாகப்பட்டினத்தில் இறங்கி அவர்களுடைய மக்களைக் கண்டுவிட்டு வரட்டும்.

தஸ்தாவேஜுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டும் தனி விசாவும் வேண்டும். நம் தோட்டங்களிலே பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பது பழைய நோய்; தமிழறியாத பதிவாளரின் கையில் நம் பெயர்கள் பட்ட பாடு அது. கப்பலுக்குப் பணம் கட்டுமுன் இந்தப் பெயர்களையெல்லாம் ஒப்புநோக்கித் திருத்திக்கொள்ளவேண்டும். இணையவழியே பெறும் இந்திய விசா எல்லாத் துறைமுகங்களிலும் செல்லாது. இறங்கப்போகும் துறைமுகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டறிய வேண்டும். தாய் தகப்பனில் ஒருவர் மாத்திரம் போவதானால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையிலிருக்கட்டும்.

பணம் என்ற ஆட்சேபம் ஒன்றுதான் எனக்கு முழுமையாகத் தலைவணங்கத்தக்கதாகத் தோன்றுகிறது. 2021ஆம் ஆண்டில்தான் ஆயிரம் ரூபாயை எட்டி, 2024இல் 1,350 ரூபாயாக இருந்த தோட்ட நாட்சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவரிடம் போய் உல்லாசக் கப்பலைப் பற்றிப் பேசுவது தர்மமன்று, நான் பேசவுமில்லை. நகையை அடகுவைத்தோ வட்டிக்கு வாங்கியோ போகிற பிரயாணம் எவருக்கும் வேண்டாம். ஆனால் வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் ஆகாயவிமானத்தில் போய்வரும் குடும்பங்களும், பிள்ளையின் முதற் பிறந்தநாளுக்கு ஹட்டனில் மண்டபம் எடுத்து முந்நூறு பேருக்குச் சாப்பாடு போடும் குடும்பங்களும் நம்மிடையே இன்று இருக்கின்றன. கப்பல் என்றவுடன் அவர்களும், “அது நமக்கில்லை” என்கிறார்களே, அதைத்தான் நான் ஒப்பமாட்டேன். பணமில்லாமையினால் வரும் ‘இல்லை’ வேறு. இருநூறு வருஷம் பிறர் நம்மை வைத்த இடத்திலேயே நம்மை நாமும் வைத்துக்கொள்வதனால் வரும் ‘இல்லை’ வேறு. பின்னதைப் பிள்ளைக்கு முதுசமாகக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

கடைசியாக, “இப்போது என்ன அவசரம்?” என்பவர்களுக்கு. வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்றும், ஐப்பசி தொடங்கி வடகிழக்குப் பருவக்காற்றும் நம்மைச் சூழ்ந்த கடலைக் கலக்குகின்றன. நாகப்பட்டினக் கப்பலும் வடகிழக்குப் பருவத்தில் நிறுத்தப்படுகிறது. கடல் நன்றாக அடங்கியிருப்பது மாசி, பங்குனி மாதங்களில். அவை பள்ளித்தவணை நடக்கும் மாதங்கள். பிள்ளை முதலாம் வகுப்பில் சேர்ந்துவிட்டால் அந்த மாதங்கள் நம் கையைவிட்டுப் போய்விடும். மூன்றாம் வகுப்பிலிருந்தே ஐந்தாமாண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று பிரத்தியேக வகுப்புகள் சனி ஞாயிறுகளையும் விடுமுறைகளையும் விழுங்கிவிடும். அதன்பின் சாதாரண தரம், உயர்தரம். கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில் எவர் அனுமதியையும் கேளாமற் புறப்படக்கூடிய பிள்ளை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றே. வளரட்டும் என்று காத்திருக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நாட்காட்டியை எடுத்துவைத்துப் போட்டுப் பார்க்கட்டும்.